காய்ச்சல் வாரத்தில் வாசிப்பு: கட்டிலில் கழியும் ஏழு நாளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் வீட்டுக்கு ஒருவராவது தடிமனோடு படுத்திருப்பார். டச்சுபே பக்கமிருந்து வரும் காற்றில் யன்னல் சீலை எந்த நேரமும் ஈரமாகவே இருக்கும். துவைத்த உடுப்பு காயாது. மேசையில் வைத்த புத்தகத்தின் அட்டை மெல்ல வளையத் தொடங்கும். போன வருடம் அப்படி ஒரு வாரத்தில்தான் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஏழு நாள் கட்டில். வேலைக்குப் போகத் தேவையில்லை, குசினிப் பக்கம் போகத் தேவையில்லை. வாசிக்கிற ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த நினைப்பில், மூன்று மாதமாக ஆசையாகப் பொத்தி வைத்திருந்த ஒரு தடித்த நாவலை முதல் நாளே எடுத்துவிட்டேன். காய்ச்சல் 102 பாகை. எண்பது பக்கம் வாசித்தேன். மறுநாள் விடிய எழும்பி, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தால் யாருக்கு யார் என்ன முறை என்றே தெரியவில்லை. ஒரு கிழவர் செத்துப்போனது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. அதுவும் கதையில் நடந்ததா, நான் கனவில் கண்டதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு புத்தகத்தை முதன்முதலாக வாசிப்பது ஒரு தடவைதான் கிடைக்கும். அதை அப்படிக் கெடுத்துக்கொண்ட கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் வீடுகளில் நோயாளிக்கு என்ன கொடுப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. முதலில் கஞ்சி. வாய்க்கு ருசி திரும்பியதும் இடியப்பமும் சொதியும். பிறகு ரசம் விட்டுக் குழைத்த சோறு. மீன்குழம்பு கடைசியில்தான். வாசிப்புக்கும் அதே பத்தியம் வேண்டும் என்பதை அந்த ஒரு வாரத்தில் படித்துக்கொண்டேன். கீழே நாள் கணக்கில் எழுதியிருக்கிறேன். சாதாரணத் தடிமன் காய்ச்சலுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். உங்களுக்கு ஒரு நாள் முந்தலாம், இரண்டு நாள் பிந்தலாம். கலண்டரைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள்.

படுக்க முன்னமே: கடகம் நிறைய

காய்ச்சல்காரர் அலுமாரிக்கு முன்னால் நின்று புத்தகம் தெரிவுசெய்ய முடியாது. குனிந்தால் தலை சுற்றும். கீழ்த்தட்டில் கை வைத்தால் தூசி கிளம்பி, தும்மல் பிடித்தால் நிற்காது. அதனால் ஐப்பசியிலேயே, மழை கனக்க முன்னம், ஒரு பனையோலைக் கடகத்தில் இந்த வாசிப்புக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். கடகம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் காற்றோட்டம் உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் இறுக்கி மூடினால் எங்கள் ஊர் ஈரத்துக்குப் புத்தகம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஏற்கெனவே இரண்டு தரமாவது வாசித்த ஒரு நாவலை முதலில் போடுங்கள். பத்துப் பக்கத்துக்குள் முடிகிற கதைகள் உள்ள சிறுகதைத் தொகுப்பு இரண்டு, கவிதை ஒன்று, சின்ன வயதில் வாசித்த படம் போட்ட கதைப்புத்தகம் ஒன்று, பழைய சஞ்சிகைகள் ஐந்தாறு. புதிதாக வாசிக்க ஆசைப்படும் புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் கடகத்தின் அடியில் போகட்டும். இவற்றோடு ஒரு கொப்பியும் பென்சிலும். பேனை சரிவராது, மல்லாந்து படுத்து எழுதினால் மை இறங்காது.

பழைய சஞ்சிகைகளை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். கடலோர ஊரில் இருபது வருடத்துப் பழைய சஞ்சிகையின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். தாளைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பியும் துருப்பிடித்து, அவற்றைச் சுற்றித் தேத்தண்ணி நிறத்தில் கறை படர்ந்திருக்கும். கொஞ்சம் இழுத்தால் பக்கம் அந்த இடத்தில் கழன்று கையோடு வந்துவிடும். மழுங்கிய கத்தி முனையால் கம்பியின் காலை நிமிர்த்தி, முதுகுப் பக்கத்தால் மெதுவாக வெளியே எடுங்கள். பிறகு அதே ஓட்டைகளில் வெள்ளை நூல் கோத்த ஊசியை விட்டு இரண்டு தையல். நூல் துருப்பிடிக்காது. அம்மா சேர்த்த சஞ்சிகைகள் எல்லாம் எங்கள் வீட்டில் இப்போது நூல் தையலோடுதான் இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்து நிமிடம் போதும். மழை தொடங்க முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வேலை.

புத்தகங்களுக்குத் தூசி தட்டும்போது புத்தகத்தை இறுக்க மூடிப் பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பை முதுகுப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக உலர்ந்த துணியால் துடையுங்கள். தூசி அதிகம் படிவது மேல் விளிம்பில்தான். தளர்வாகப் பிடித்தால் அது பக்கங்களுக்குள் இறங்கி, பிறகு கட்டிலில் உங்கள் மூக்குக்கு வரும். விறாந்தை நிழலில் ஒரு மணித்தியாலம் விரித்து வைத்தால் ஈரவாடை போய்விடும். நேர் வெயிலில் வைத்தால் தாள் மஞ்சளிக்கும்.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தைக் கடகத்தில் சேர்க்காதீர்கள். ஒருமுறை நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணியை அரை நித்திரையில் கழற்றி, பக்கத்தில் கிடந்த நூலகப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டேன். விடியப் பார்த்தால் முப்பது பக்கம் நெளிந்துபோய்க் கிடந்தது. அதே புத்தகத்தைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் எனக்கு முன்னால் எத்தனையோ பேர் புரட்டிய பிரதி அது. சுகமில்லாமல் போனால் வீட்டில் யாரிடமாவது கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் திகதியை நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம் நனைந்தாலும் உடனே அமத்தி மூடி வைக்காதீர்கள். நனைந்த பக்கங்களுக்கு இடையில் எழுதாத வெள்ளைத் தாள் வைத்து, விசிறிக் காற்றில் விரித்து நிறுத்துங்கள். தாள் ஈரமாகிவிட்டால் மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே பாரம் ஏற்ற வேண்டும்.

போனில் வாசிப்பவர்கள் இரண்டு இடங்களைத் தெரிந்து வைத்திருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் எழுத்து வடிவில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அது காய்ச்சலில்தான் நன்றாகத் தெரியும். எழுத்து வடிவில் இருப்பதை வேண்டிய அளவுக்குப் பெருப்பிக்கலாம், வரிகள் திரைக்கு ஏற்ற மாதிரி மடிந்துகொள்ளும். போனையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லியும் கேட்கலாம். ஸ்கேன் பக்கம் படம் மாதிரி. பெருப்பித்தால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். தலையிடி உள்ளவருக்கு அது தண்டனை. அதனால் முதல் நாட்களுக்கு எழுத்து வடிவம், தேறிய பிறகு ஸ்கேன். எதுவானாலும் முன்னமே இறக்கி வையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும், சிக்னலும் போகும்.

கட்டில், வெளிச்சம், பிடிக்கிற விதம்

யன்னல் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கக்கூடாது. தோளுக்குப் பின்னால், இடப்பக்கமாக இருந்தால் பக்கத்தில் நிழல் விழாது. இரவில் முகட்டு லைற்றை மட்டும் நம்பாதீர்கள். மல்லாந்து படுத்தால் அது நேரே கண்ணுக்குள் அடிக்கும். ஒரு சின்ன மேசை லாம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெதுவாக இருக்கும். காய்ச்சல் கண்ணுக்கு அதுதான் இதம்.

முதுகுக்கு இரண்டு தலகணி, கழுத்துக்கு ஒன்று, மடியில் ஒன்று. மடித் தலகணிதான் முக்கியம். புத்தகத்தின் பாரத்தைக் கை தாங்கக்கூடாது, அந்தத் தலகணி தாங்க வேண்டும். காய்ச்சலில் மணிக்கட்டு நோகும். நெஞ்சுக்கு மேல் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும், அரைக் கிலோப் புத்தகம் மூக்கில் விழும். எழுந்திருக்கவே முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து, புத்தகத்தைப் படுக்கையில் இன்னொரு தலகணிக்குச் சாய்த்து நிறுத்துங்கள். இடப்பக்கத்தை வாசிக்க ஒரு பக்கம், வலப்பக்கத்தை வாசிக்க மற்றப் பக்கம் திரும்பத் தேவையில்லை, புத்தகத்தைத் திருப்பினால் போதும். மெல்லிய அட்டைப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் இதற்குத் தோது. கெட்டி அட்டைப் புத்தகம் கட்டிலில் கல்லு மாதிரி.

நுளம்பு வலைக்குள் வாசிப்பவர்கள் லாம்பை வலைக்கு வெளியே வையுங்கள். வலை நிழல் பக்கத்தில் கட்டம் கட்டமாக விழுந்தால் லாம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள், மங்கிவிடும். வலையை மட்டும் விலக்காதீர்கள், பகலிலும்தான். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்.

குடிக்கிறதுக்கு மல்லித்தண்ணி. மல்லியை வறுத்து, வேர்க்கொம்பு தட்டிப் போட்டு அவித்து, பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பது. அதை வைக்கும் ஸ்டூலும் புத்தகம் வைக்கும் ஸ்டூலும் வேறு வேறாக இருக்கட்டும்.

முதல் இரண்டு நாள்: கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது

101, 102 பாகைக் காய்ச்சலில் கண்குழிக்குப் பின்னால் நோகும். ஒரு வரியை வாசித்து அடுத்த வரிக்கு வர, திரும்ப அதே வரியில் நிற்பீர்கள். அதை உடம்பு சொல்கிற சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நாளும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கேட்கலாம்.

எங்கள் வீட்டில் இருமல் இல்லாத ஒருவர் வாசிக்க வேண்டும் என்று பார்த்தால் என் தங்கச்சியின் மகள்தான் மிச்சம். பத்து வயது. கடகத்தில் இருந்த சிறுவர் கதையை எடுத்துக்கொண்டு கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். கிட்ட வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பெரியம்மா, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ. நான் இடையில நிப்பாட்டினா முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ, தண்ணி குடிக்கிறன்."

"சரி பிள்ளை. மெல்லமா வாசி."

பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு வசன முடிவிலும் குரலை இறக்கி வாசித்தாள். தெரியாத சொல் வந்தால் எழுத்துக் கூட்டினாள். அந்த வேகம் காய்ச்சலுக்கு அளவாக இருந்தது. இடையில் நான் நித்திரையாகிவிட்டேன். எழும்பிப் பார்த்தால், விட்ட இடத்தில் ஒரு வேப்பிலையை அடையாளம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெரியவர்கள் வாசித்தால் நடிப்பார்கள், வேகமாகப் போவார்கள், நித்திரையானவரை எழுப்பிக் "கேட்டியா?" என்பார்கள். வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் பிள்ளையிடம் கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் இருத்தாதீர்கள்.

வாசிக்க ஆள் இல்லாதவர்கள் போனில் கேட்கலாம். கதை வேண்டாம், பாட்டு அல்லது தேவாரம் போதும். திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை இந்த ஊரில் பாடமில்லாதவர் குறைவு. அதில் கடல் முத்துகளைக் கரையில் கொண்டுவந்து கொழிக்கிறது. மார்கழிக் கடல் வெளியே இரைந்துகொண்டிருக்க, அதை ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் பாட்டுக்குள் வைத்த விதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது என்னைப் பொறுத்தவரை வாசிப்புத்தான். தெரிந்த வரிகள் என்பதால் மனம் ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை.

மருந்து நேரத்தைக் கணக்கில் வைத்திருங்கள். பனடோல் போட்டு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். நாலு முதல் ஆறு மணித்தியாலம் வரை தாங்கும். கேட்பதற்கும் பிறகு வாசிப்பதற்கும் நல்ல நேரம் அந்த இடைவெளிதான். ஆனால் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஒரு குளிசைகூட அதிகம் போடக்கூடாது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்தில் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகவே கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் அளவை டொக்டரிடம் கேளுங்கள். மூக்கொழுகுகிறது என்று பிரிற்றன் போட்டிருந்தால் அன்றைக்கு எழுத்து மங்கும், நித்திரை தள்ளும். விட்டுவிடுங்கள், நித்திரை கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: முதலில் இரத்தப் பரிசோதனை

இந்த நாளைப் புத்தகத்தோடு கழிக்காதீர்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் டொக்டரிடம் போய் முழு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது.

வாசிக்கிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு ஆபத்து உண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் உடம்புக்குள் திரவக் கசிவு தொடங்கக்கூடிய நேரம். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்டம். நாமோ காய்ச்சல் விட்டுவிட்டது, தலை தெளிந்துவிட்டது, இனி நிம்மதியாக வாசிக்கலாம் என்று புத்தகத்தை எடுத்துவிடுவோம். கதைக்குள் போய்விட்டால் வயிற்றுநோவையும் பொருட்படுத்த மாட்டோம். தாங்க முடியாத வயிற்றுநோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்வது, சலம் குறைவது, எழும்ப முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கு இல்லை என்று நிச்சயமாகும் வரை இபுபுரோஃபென், அஸ்பிரின், டைக்ளோஃபெனக் எதையும் தொடாதீர்கள். சிவப்பு, கபில நிறக் குடிவகைகளும் வேண்டாம். சத்தி எடுத்தால் இரத்தமா குடித்ததா என்று பிரித்தறிய முடியாது. மல்லித்தண்ணியையும் அந்த ஒரு நாள் நிறுத்திவிட்டு இளநீர், கஞ்சி, ஜீவனி என்று குடியுங்கள்.

பரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பழைய சஞ்சிகையைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் இந்த நாளுக்கு வாசிப்பு இல்லை.

நாலாம் நாள்: ஒரு பக்கத்துக்குள்

டெங்கு இல்லை, காய்ச்சலும் இறங்குகிறது என்றால் இனி கஞ்சியிலிருந்து இடியப்பத்துக்கு வரலாம். ஒரு பக்கத்துக்குள் தொடங்கி முடிகிற எழுத்து மட்டும்தான். கவிதை, குறள், சஞ்சிகைத் துணுக்கு, பழைய கடிதம்.

குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. பத்துக் குறளும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். உண்டது செரித்ததை அறிந்து உண்டால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்கிற குறளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் நான் பள்ளிக்கூட நாட்களில் நிற்காமல் போய்விட்டேன். மருத்துவத்தின் நாலு பகுதி என்னென்ன என்று அதில் வருகிறது: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, மருந்தைப் பக்கத்தில் இருந்து கொடுப்பவர். அந்த நாலாவது ஆளைப் படித்தபோது, கதவடியில் கதிரை போட்டுக் கதை வாசித்த பிள்ளையையும், வேலிக்கு மேலால் மல்லித்தண்ணிக் கேத்தலை நீட்டிய பக்கத்து வீட்டு மாமியையும் நினைத்தேன். சுகமாக இருக்கும்போது அந்த ஏழு சீரையும் ஒரு மூச்சில் கடந்து போயிருப்பேன். அன்றைக்கு ஒரு பின்னேரம் முழுக்க அதோடு இருந்தேன்.

நாலாம் நாள் வாசிக்கிற விதம் இதுதான். ஒன்றை வாசித்து, புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்து, யன்னலைப் பாருங்கள். கண்ணுக்கும் அது நல்லது. கிட்டப் பார்வை பார்த்துக்கொண்டே இருந்தால் இமை கொட்டுவது குறைந்து கண் காய்ந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் ஒன்றைப் பாருங்கள். எங்கள் ஊரில் அதற்குக் குறையில்லை. சில காலைகளில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று தெருவுக்கே வந்து மதிலோரப் புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

ஐந்தாம், ஆறாம் நாள்: தெரிந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது

இந்த இரண்டு நாளும்தான் காய்ச்சல் வாரத்தின் உண்மையான வாசிப்பு நாட்கள். காய்ச்சல் இல்லை, பலமும் இல்லை. நடந்தால் கால் பின்னும். ஆனால் தலை தெளிவு. இப்போது கடகத்தில் இருந்து அந்தப் பழைய நாவலை எடுங்கள்.

வாசித்த புத்தகத்தைத் திரும்ப வாசிப்பது நேர விரயம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலை நாட்களில் நாம் திரும்ப வாசிப்பதே இல்லை, புதியது குவிந்து கிடக்கிறது. கதை தெரியும் என்பதால் இந்தப் பலவீனத்தில் ஒன்றும் நழுவிப்போகாது. எங்கே நித்திரை வந்தாலும் மூடலாம், எங்கே திறந்தாலும் நுழையலாம். அடுத்து என்ன என்கிற அவசரம் இல்லாததால், முன்பு ஓடிக் கடந்த இடங்கள் நின்று தெரியும். நான் எடுத்த நாவலில் ஒரு தாய், மகன் ஊரை விட்டுப் போகிற காலையில், அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டுவாள். இருபது வயதில் அதை வாசித்தேன், முப்பதிலும் வாசித்தேன். அந்த வரி இருந்ததாகவே ஞாபகம் இல்லை. இந்தமுறை அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அழுகையைப் பார்க்கவிடாமல் ஒரு வேலையைச் செய்கிறாள் என்று விளங்கியது. அதை விளங்க எனக்கு ஐம்பது வயதும் ஒரு காய்ச்சலும் தேவைப்பட்டிருக்கிறது.

கொப்பியும் பென்சிலும் இப்போதுதான் உதவும். விமர்சனம் எழுத வேண்டாம். பக்க எண்ணும் ஒரு வரியும் போதும். "142, சாம்பல்" என்றுதான் நான் எழுதியிருந்தேன். கை நடுங்கிக் கோணலாக இருக்கிறது, ஆனாலும் பார்த்தவுடன் எல்லாம் ஞாபகம் வருகிறது.

ஒரு மணித்தியாலம் வாசித்தால் ஒரு மணித்தியாலம் படுங்கள். ஆறாம் நாள் பின்னேரம் சிறுகதைகளுக்கு மாறலாம். ஒரு கதை, ஒரு பிளேன்ரீ, ஒரு நித்திரை. இரண்டு கதையை அடுத்தடுத்து வாசிக்காதீர்கள், முதல் கதையின் ஆட்கள் இரண்டாவது கதைக்குள் வந்துவிடுவார்கள். நோய், சாவு, ஆஸ்பத்திரி என்று வருகிற கதைகளையும் தள்ளி வையுங்கள். யுத்தக் காலத்துக் கதைகளும் அப்படித்தான். அவற்றை வாசிக்க வேண்டும், நாங்கள் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது? ஆனால் இந்தக் கட்டிலில், இந்த உடம்போடு வேண்டாம். அவற்றைத் தாங்குவதற்கும் பலம் வேண்டும்.

ஏழாம் நாள்: அடியில் இருந்த புத்தகம்

குளித்துவிட்டீர்கள், ரசச்சோறு இறங்கியது, வாசற்படி வரை நடந்தீர்கள் என்றால் கடகத்தின் அடியில் கிடந்ததை எடுக்கலாம். கட்டிலில் வேண்டாம். விறாந்தையில், கதிரையில், கால் நிலத்தில் பட உட்கார்ந்து வாசியுங்கள். படுத்துக்கொண்டு வாசித்தால் நோய் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கும். முதல் நாளுக்கு முப்பது பக்கம் போதும். ஆட்கள் அதிகம் வருகிற நாவல் என்றால் கொப்பியில் பெயர்களையும் முறைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். தேறி வருகிற மூளைக்கு அது கைத்தடி மாதிரி.

ஸ்கேன் பக்கங்களுக்கும் பழைய உரைநடைக்கும் இனித்தான் வேளை. எங்கள் ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய மோகனாங்கி 1895இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். திருகோணமலை வாசகர்கள் ஒருமுறையாவது தேடி வாசிக்க வேண்டிய புத்தகம். ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உரைநடையை வாசிக்க முழுக் கவனம் வேண்டும், அதைக் காய்ச்சலில் எடுத்து அதன் மேல் பழி போடாதீர்கள்.

கடகத்தில் இருந்து வாசித்தவற்றின் அட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு பின்னேரம் விறாந்தையில் விரித்து வையுங்கள். தலகணி உறையையும் போர்வையையும் துவைக்கப் போடுங்கள். கடகத்தில் குறைந்ததைத் திரும்ப நிரப்பி வையுங்கள், தை பிறக்கும் வரை மழை இருக்கிறது.

நான் கெடுத்துக்கொண்ட அந்தத் தடித்த நாவலை அலுமாரியின் மேல்தட்டில், முதுகு உட்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அந்த எண்பது பக்கமும் மறக்கட்டும் என்று ஒரு வருடமாக அதைத் தொடவில்லை. கிழவர் செத்தது மட்டும் இன்னும் மறக்கவில்லை. வருகிற சித்திரையில், காற்று காய்ந்த பிறகு, முதல் பக்கத்தில் இருந்து தொடங்கப் போகிறேன்.